புது டிபி பாக்ஸில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கலாமா?

வணக்கம் நண்பர்களே. வீட்டு டிபி பாக்ஸில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இன்னொரு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) செருக இடமில்லை. மாடிக்கு இரண்டு ஏசி, ஒரு ஹீட்டர் வருவதால் அங்கே தனி பாக்ஸ் வைக்கிறோம். கீழே மெயின் 63 ஆம்ப்; அதிலிருந்து 40 ஆம்ப் எம்சிபி, 10 சதுர மி.மீ. செம்புக் கேபிள்.

புது பாக்ஸில் நியூட்ரல் பாரையும் எர்த் பாரையும் (அந்தந்த வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டைகள்) ஒரு துண்டு வயரால் இணைக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்படிச் செய்தால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வயரிலும் ஓடாதா? கீழே உள்ள ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) டிரிப் ஆகுமே! கேட்டால், "இருபது வருஷமா இப்படித்தான் சார்" என்கிறார். நல்ல மனுஷர்தான்.

இன்னொன்று, பழைய பாக்ஸைத் திறந்தபோது ஒரு நியூட்ரல் திருகு கறுத்து, வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. திருகை இறுக்கினால் போதுமா, பாரையே மாற்றணுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்.