மறு: மறு: காட்டுப்பூ கையேடு – ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

வகுப்பு டீச்சர், ஸ்கார்பரோ, கனடா:
சனிக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டுப் பாதைக்குக் கூட்டிப் போகிறோம். கையேடு நாளை அச்சுக்கு. ‘ஸ்பிரிங் எஃபெமரல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பனி கரைந்ததும் முளைத்து, மேப்பிள் மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைப்பதற்குள் பூத்துக் காய்த்து அடங்கிவிடும் செடிகள். இப்போதைக்கு ‘வசந்தகால அற்பாயுள் மலர்’ என்று போட்டிருக்கிறேன்.

புலவர் ஐயா:
இளவேனில் இருக்க வசந்தம் எதற்கு? ‘வேனில்தோன்றி’ என்க.

தாவரவியல்காரர்:
‘அற்பாயுள்’ கூடவே கூடாது டீச்சர். மேலே தெரிவதுதான் சில வாரம். இந்தக் கூட்டத்தில் ஒன்றான டிரவுட் லில்லியின் கிழங்கு மண்ணுக்குள் பல வருடம் வாழும். ஒற்றை இலையோடு நிற்கும் செடி பூக்காது, இரண்டு இலை விட்டதில்தான் பூ வரும். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதை இழுத்துப் போகும்.

அப்புறம், அட்டையில் வெள்ளை டிரில்லியம் படம் போட்டிருக்கிறீர்கள். நம் ஒன்ராறியோவின் மாகாண மலர்தான், ஆனால் அதன் இலை கோடையிலும் நிற்கும். கறாராகப் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் சேராது. முதல் பூவுக்கே ஏழு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், பறிக்கக் கூடாது என்று மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். அதன் உறவான தலைகவிழ் டிரில்லியம் கனடாவில் அருகிவரும் இனம்.

மிசிசாகா அண்ணன்:
தோன்றி என்றால் அகராதியில் காந்தள். பெற்றோர் கார்த்திகைப் பூவைத் தேடுவார்கள்!

புலவர் ஐயா:
குறிஞ்சிப்பாட்டில் செங்காந்தளும் தோன்றியும் தனித்தனியே வருகின்றன. இரண்டும் ஒன்றென்றால் கபிலர் ஏன் இருமுறை சொல்கிறார்? இளவேனில் சித்திரை, வைகாசி. ஒன்ராறியோவில் இவை பூப்பதும் அப்போதே.

மிசிசாகா அண்ணன்:
மாதம் பொருந்துகிறது ஐயா, வேனிலுக்கு வெக்கை வேண்டாமா? பிள்ளைகள் கையுறையோடு வருவார்கள். மர நிழல் விழுமுன் முந்திக்கொள்பவை, ‘நிழல்முந்தி’ எப்படி?

புலவர் ஐயா:
முந்தி சேலைத் தலைப்பு.

தாவரவியல்காரர்:
பருவத்தைவிட நிழல்தான் இங்கே காரணம். என் வாக்கு நிழல்முந்திக்கு.

வகுப்பு டீச்சர்:
சரி, நிழல்முந்திப் பூக்கள். பக்கத்தில் ‘ஸ்பிரிங் எஃபெமரல்’ என்றும் போட்டுவிடுகிறேன். அட்டைக்கு டிரவுட் லில்லி படம் யாரிடமாவது இருக்கிறதா?

புலவர் ஐயா:
படம் இணைத்துள்ளேன். கோப்பின் பெயர் வேனில்தோன்றி.