வெர்சாய்லிங்: 'மதவாத வாக்களிப்பு' அன்று, 'தூணமைவு'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நெதர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தேர்தல் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க முடியாத 'வெர்சாய்லிங்' (சமூகம் சமய, கொள்கைப் பிரிவுகளாகத் தனித்தனி நிறுவனங்களோடு வாழும் அமைப்பு) என்னும் டச்சுச் சொல்லுக்கு 'மதவாத வாக்களிப்பு' என்ற தமிழாக்கம் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. அதை நான் ஏற்கவில்லை. தமிழில் 'மதவாதம்' பிற மதத்தார் மீதான பகையைச் சுட்டும் கண்டனச் சொல். டச்சுச் சொல்லில் அந்தப் பகை இல்லை. கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறித்தவர், சமவுடைமையர் ஆகியோர் தனித்தனித் தூண்களாக நின்று ஒரே கூரையைத் தாங்கினர் என்பதே அதன் உட்கருத்து.

வாக்களிப்பு அந்தத் தூணின் ஒரு பகுதி மட்டுமே. கத்தோலிக்கர் தம் பள்ளியில் படித்து, தம் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, 1925இல் தொடங்கப்பட்ட தம் வானொலியைக் கேட்டு, அதே ஒழுங்கில் கத்தோலிக்க மக்கள் கட்சிக்கும் வாக்களித்தனர். சமயப் பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிகளுக்கு நிகரான நிதியும் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமையும் வழங்கிய 1917ஆம் ஆண்டு உடன்பாடு இவ்வமைப்பை உறுதிப்படுத்தியது. எனவே 'வாக்கு வங்கி' என்பதும் பொருந்தாது; அது வெளியே நிற்கும் கட்சி ஒரு சமூகத்தைப் பார்க்கும் பார்வை, இங்கோ கட்சியே அச்சமூகத்துக்குள்ளிருந்து எழுந்தது.

'சமய அடையாள வாக்களிப்பு' என்ற மாற்று மென்மையானதுதான், ஆனால் நிறுவனத்தின் அதிகாரத்தை அது மறைத்துவிடுகிறது. சமவுடைமைத் தொழிற்சங்கத்தில் சேரும் கத்தோலிக்கருக்கு அருட்சாதனங்கள் (நற்கருணை போன்ற திருச்சடங்குகள்) மறுக்கப்படும் என்று கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) 1954இல் சுற்றுமடல் விடுத்ததை வெறும் அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

பின்னர் ஆயர்களின் பிடி தளர்ந்த மாற்றமே என் வாதத்துக்கு வலுவான சான்று. 1963இல் ஆயர் பெக்கர்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி, குழந்தைப்பேற்றைத் திட்டமிடுவது தம்பதியரின் மனச்சான்றுக்கு உரியது என்று பேசினார். திருச்சபையைப் புதுப்பிக்கக் கூடிய உலக ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் 150 இடங்களில் 50ஐ வென்ற கத்தோலிக்க மக்கள் கட்சி 1972இல் 27 இடங்களுக்குச் சுருங்கி, 1980இல் இரு சீர்திருத்தக் கிறித்தவக் கட்சிகளோடு இணைந்து மறைந்தது. கத்தோலிக்கரின் தொகை அந்த வேகத்தில் குறையவே இல்லை. அடையாளம் எஞ்சியிருக்கும்போதே தூண் தளர்ந்துவிட முடியும் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது பிழையாகும்.

ஆகவே 'வெர்சாய்லிங்' என்பதற்குத் 'தூணமைவு' என்றும், அது குலைந்த நிகழ்வான 'ஒன்ட்சாய்லிங்' என்பதற்குத் 'தூண்நெகிழ்வு' என்றும் முன்மொழிகிறேன். 'தூண்வீழ்ச்சி' வேண்டாம், கத்தோலிக்கப் பள்ளிகள் இன்றும் அரசு நிதியில் இயங்குகின்றன. தேர்தலை மட்டும் குறிக்க வேண்டிய இடங்களில் 'தூண்வழி வாக்களிப்பு' எனலாம். ஆஸ்திரியக் கத்தோலிக்கர்களைப் பற்றி எழுதுவோர் கையாளும் 'லாகர்' என்ற செருமானியச் சொல்லை இதனோடு கலக்காமல் 'பாசறை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.