குழை போட்டும் ஆடுகள் தேறவில்லை, உரோமமும் உதிர்கிறது

கொலன்னாவையான்:
வணக்கம். என்னிடம் மூன்று மறியாடுகள் உள்ளன. புண்ணாக்கு விலை கட்டுப்படியாகாததால், புரதத்துக்கு மரக்குழையே போதும் என்று பலரும் சொன்னதைக் கேட்டு, ஒன்றரை மாதமாக அதையே போட்டு வருகிறேன். விரும்பித்தான் தின்கின்றன; ஆனால் உடம்பு வைக்கவில்லை, இப்போது வாலடியில் உரோமமும் உதிர்கிறது. என்ன செய்யலாம்? விரைவாகச் சொல்லுங்கள்.

பண்ணையாள்:
எந்த மரத்துக் குழை? ஆடுகளின் நிறை என்ன? குழையைத் தவிர வேறென்ன தின்கின்றன?

வன்னிமகன்:
என்ன குழையாக இருந்தாலும் முதலில் புழுவைப் பாருங்கள். கீழ் இமையை விலக்கும்போது உட்புறம் வெளிறியிருந்தால், இரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்கிறது என்றே கொள்ளலாம். பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள்?

வெள்ளவத்தை வாசகி:
கொழும்பில் ஆட்டுக்குக் குழை என்றால் பெரும்பாலும் பலாவாகத்தான் இருக்கும். அதிலுள்ள துவர்ப்புப் பொருளாகிய தனின், இலையின் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஆடு தின்ற புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

கால்நடைப்பித்தன்:
மரத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் மருத்துவம் கேட்பவர்களுக்கு இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? புரதம் மட்டும் போட்டால் ஆடு தேறாது என்பது அடிப்படைப் பாடம். இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் இலைப் புரதத்தை அமோனியாவாக உடைக்கின்றன; அதை அவை பயன்படுத்திக்கொள்ள மாவுச்சத்தும் உடன் வேண்டும், இல்லாவிட்டால் அது சிறுநீரோடு போய்விடும். தவிட்டோடு சீமைக்கிளுவை கொடுத்திருந்தால், உலர்நிறையில் 20 முதல் 25 சதவீதம் புரதம் கிடைத்திருக்கும்.

மலையகத்தான்:
கிளுவை என்று எழுதி அவரைக் குழப்பாதீர்கள். வேலிக்கு நடும் கிளுவை வேறு மரம்; நீங்கள் சொல்வதை எங்கள் பக்கம் கிளிசரியா என்பார்கள், சிங்களத்தில் வெட்டமாரா.

கால்நடைப்பித்தன்:
‘சீமை’ என்ற சொல்லை நான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுத் திருத்துங்கள்.

மலையகத்தான்:
படித்தேன். ஆனால் கொழும்பில் சிங்களவர் ஒருவரின் தோட்டத்தில் போய்ச் ‘சீமைக்கிளுவை’ கேட்டால் யாருக்கு விளங்கும்? தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட மரத்துக்கு, கேட்டதும் விளங்குகிற ஒரு பெயர் வேண்டாமா?

பண்ணையாள்:
பெயரைப் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். உரோமம் உதிர்வதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? கொலன்னாவையாரே, நீங்கள் ஒடிப்பது, வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைத்து, புளியிலை போன்ற சிற்றிலைகளும் தட்டையான காய்களும் உடைய மரமா?

கொலன்னாவையான்:
மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆம், இப்பில் இப்பில்தான். வேறெதுவும் கொடுப்பதில்லை. இமை சிவப்பாகவே உள்ளது. ஆடுகள் சுமார் 30 கிலோ இருக்கும்.

பண்ணையாள்:
அப்படியானால் காரணம் அந்த இலையிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு என்றே கருதுகிறேன். அது உரோம வளர்ச்சியைத் தடுக்கும். இரைப்பையில் அது உடைந்து உண்டாகும் பொருள் தொண்டையிலுள்ள தைரொயிட் சுரப்பியையும் பாதிக்கும். புரதம் நிறைந்த நல்ல குழைதான், ஆனால் தீவனத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக் கூடாது. 30 கிலோ ஆடு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும். பச்சைக் குழையில் முக்கால் பங்கு நீர் என்பதால், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட குழையே எல்லை. இப்போதைக்கு அதை முற்றாக நிறுத்தி, புல்லும் சிறிது தவிடும் கொடுங்கள். சீமைக்கிளுவையை, பெயர் எதுவானாலும், ஓரிரவு வாட வைத்துப் பழக்குங்கள். பச்சையாகப் போட்டால் அதன் வாடைக்கே பல ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தொண்டையில் வீக்கம் தெரிந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

கால்நடைப்பித்தன்:
ஹவாயில் ஆடுகள் இதே குழையைத் தாராளமாகத் தின்றும் பாதிக்கப்படாததைக் கண்ட அவுஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் அந்த நஞ்சை உடைக்கும் பக்டீரியா இருப்பதைக் கண்டறிய வழிவகுத்தார். எல்லா ஊர் ஆடுகளுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கொலன்னாவையான்:
மூன்று வாரம் ஆகிறது. உதிர்வது நின்றுவிட்டது. வாடிய கிளிசரியாவை இரண்டு ஆடுகள் தின்கின்றன. மூன்றாவது இன்னும் மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. நன்றி.