சாயங்காலம் மட்டும் வரும் உறுமல்: டிஏசிக்குப் பவர் சப்ளை மாற்றிப் பார்த்தவங்க எழுதுங்க

கொண்டலாம்பட்டி:
டிஏசிக்கும் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) ஸ்ட்ரீமருக்கும் (நெட்டிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி) சேர்த்து ஒரே 5 வோல்ட் லீனியர் சப்ளை. 9 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 5 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டர் சிப் 7805. வழக்கமான சர்க்யூட்தான். பகலில் சுத்தம். சாயங்காலம் தறி எல்லாம் ஒருசேர ஓட ஆரம்பித்து, டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியதும் தம்புராவுக்கு அடியில் இன்னொரு சுருதி எழும். 100 ஹெர்ட்ஸ். 5 கட்டையின் கீழ் சட்ஜத்துக்குச் சற்று மேலே, சேரவும் சேராது, விலகவும் விலகாது. 5 கட்டைப் பாட்டு என்றால் உயிரே போய்விடும்.

அந்த நேரத்தில் மீட்டர் வைத்தால் பிளக்கில் 185 வோல்ட். கணக்குப் பாருங்க. 230 இருக்கும்போது 9ஐ 1.414ஆல் பெருக்கி, பிரிட்ஜுக்கு 1.4 கழித்தால் 11.3. 1 ஆம்பியர் இழுத்தால் 4700 கெப்பாசிட்டரில் 2.1 வோல்ட் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்); பள்ளம் 9.2. பிரச்சனையில்லை. 185இல் உச்சி 8.8, பள்ளம் 6.7. 7805க்கு உள்ளே 7 வேணும். அதனால் நொடிக்கு 100 தடவை அந்த 5 வோல்ட் பல்லு விழுந்த சீப்பு மாதிரி ஆகிறது. டிஏசியின் அனலாக் பகுதி அதையே நேராகக் குடிக்கிறது.

கெப்பாசிட்டரை 10000 (25 வோல்ட்) ஆக்கினால் ரிப்பிள் 1 வோல்ட், பள்ளம் 7.8. உறுமல் போச்சு. இன்னும் கொஞ்சம் வோல்ட் மிச்சம் வேணும்னா எல்டி 1085 ரெகுலேட்டர். அதுக்கு 5 வோல்ட்டுக்கு மேலே 1.5 இருந்தாலே போதும். ஆனால் 7805 ஓட்டையிலேயே செருகிடாதீங்க. 7805இல் கால் வரிசை உள்ளே, கிரவுண்ட், வெளியே. 1085இல் கிரவுண்ட், வெளியே, உள்ளே. அப்படியே மாட்டினால் 1085 மட்டுமில்ல, டிஏசியும் சேர்ந்து போகலாம்.

அஸ்தம்பட்டி:
அண்ணே, கணக்கு சரி, முடிவு தப்பு. 185 வோல்ட் வர்ற வீட்டில் லீனியரே எதுக்கு? 100இலிருந்து 240 வரைக்கும் வாங்கிக்கிற எஸ்எம்பிஎஸ் அடாப்டர் (மொபைல் சார்ஜர் வகை) தறி ஓடுதா நிக்குதான்னு கவலையே படாது. ராத்திரி தறி நின்று 250 ஏறும்போது உங்க ரெகுலேட்டர் மேலே சுமார் 7 வாட் சூடு. ஹீட்சிங்கில் கை வைச்சுப் பாருங்க.

ஒயரை யாருமே பார்க்கிறதில்ல. ராஸ்பெர்ரி பையில் (ஸ்ட்ரீமரா ஓட்டுற குட்டிக் கம்ப்யூட்டர்) பாட்டு நடுவில் டிக், டிக்னு அறுபடுது. மானிட்டர் மாட்டினால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி. சப்ளை முனையில் சரியாக 5.00. குறை யூஎஸ்பி ஒயரில். 28 கேஜ், 1 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து 0.43 ஓம், 1 ஆம்பியருக்கு 0.43 வோல்ட் வழியிலேயே கரையுது. போய்ச் சேர்றது 4.57. பை 4.63க்குக் கீழே போனாலே அழும். 20 கேஜ் ஒயர் போட்டால் இழப்பு 0.07தான். சப்ளையை 5.1க்கு வைங்க. மீட்டரைப் பெட்டியில் வைக்காதீங்க, பையின் முனையில், பாட்டு ஓடும்போது வைங்க.

ஒண்டிக்கடை, ஏற்காடு:
இங்கே மழைக்கு முன்னாடியே கரண்ட் போயிடும், அதனால் இன்வெர்ட்டர் கதை. கரண்ட் இருக்கிறவரை லீனியர் சப்ளை அருமை. கட் ஆகி இன்வெர்ட்டருக்கு மாறின நொடியில் டிரான்ஸ்பார்மர் குளவிக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. பத்து நிமிஷத்தில் ஸ்ட்ரீமர் தானா ரீஸ்டார்ட்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். லைன் கரண்டில் 230 என்றால் உச்சி 325. ஸ்கொயரில் 230 என்றால் உச்சியும் 230தான். 9 வோல்ட் சுற்றில் பிரிட்ஜ் தாண்டி 7.6 மட்டும். பேட்டரி இறங்கி இன்வெர்ட்டர் 200 கொடுத்தால் 6.4. 7805 கையை விரிச்சிடும், 1085ம் தாங்காது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடலாம்தான், ஆனால் லைன் கரண்டில் 10 வாட் சூடு. சைன் வேவ் இன்வெர்ட்டர் போடுங்க, இல்லேன்னா கட் நேரத்துக்கு மட்டும் பழைய அடாப்டர். அஸ்தம்பட்டி சொல்றது இந்த இடத்தில் சரி.

சூரமங்கலம்:
ரெண்டு பேர் சண்டையிலும் லீக்கேஜ் கரண்ட் (சார்ஜரிலிருந்து கசியும் கரண்ட்) வரவேயில்லை. லேப்டாப், யூஎஸ்பி டிஏசி, ஆம்ப். டிஏசிக்கு லீனியர் சப்ளை போட்டும் 50 ஹெர்ட்ஸ் முனகல் அப்படியே இருக்கு. லேப்டாப்பின் உலோக மூடியில் புறங்கையை லேசாக இழுத்தால் மணல்தாள் மாதிரி நரநரன்னு ஒரு அதிர்வு. மூடிக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்தால் நூத்திச் சொச்சம் வோல்ட் காட்டும்.

ரெண்டு முள் சார்ஜரில் லைன் பக்கத்தையும் வெளியே வர்ற பக்கத்தையும் இணைக்கிற ஒய் கெப்பாசிட்டர் காரணம். 2.2 நானோஃபாரட் என்றால் அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியர். ஆளை ஒன்றும் பண்ணாது. ஆனால் அது எர்த்தைத் தேடி யூஎஸ்பி ஷீல்டு, டிஏசி, ஆர்சிஏ ஒயர் வழியாக ஆம்புக்குப் போகிறது. டிஏசியின் சப்ளையைத் தங்கத்தில் செய்தாலும் இந்தப் பாதை மாறாது. சோதிக்க ஒரு சுலப வழி: சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்க. முனகல் நின்றால் இதுதான். அப்புறம் மூணு முள் சார்ஜர், இல்லேன்னா ஆப்டிகல் ஒயர். ஏடியூஎம் 4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசோலேட்டர் (டேட்டாவை மட்டும் விட்டு கரண்ட் பாதையைத் துண்டிக்கிறது) வாங்கினால் ஒன்று தெரிஞ்சுக்குங்க: அது 12 மெகாபிட்தான், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. ஹைஸ்பீடு மட்டுமே பேசும் டிஏசி அதில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

நாகலூர்:
சூரமங்கலம் அக்கா மூணு முள் சார்ஜர் போடச் சொல்றாங்க. மூணாவது ஓட்டையில் எர்த் இருந்தால்தானே? யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. தோண்டினால் சில இடத்தில் ஓரடியிலேயே கடப்பாரை துள்ளும். எர்த்துக்கு வழக்கமாப் போடுறது 38 மில்லிமீட்டர் ஜிஐ பைப், 2.5 மீட்டர் ஆழம். பாறை தட்டினால் பைப்பைச் சாய்த்து இறக்கலாம், செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குள். அதுவும் முடியாவிட்டால் அரை மீட்டர் ஆழக் கால்வாய் வெட்டி, குறைந்தது 15 மீட்டர் ஜிஐ பட்டையைப் படுக்க வைத்துப் புதைக்கணும். சுற்றிக் கரியும் உப்பும். ஏப்ரலில் தண்ணி ஊத்துங்க, இடி மழை வர்ற மாசத்தில்தான் மண் காய்ஞ்சு கிடக்கும்.

ஆடியோவுக்கு மட்டும் தனியா ஒரு எர்த் கம்பி அடிச்சு, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுறவங்க இருக்காங்க. கூடவே கூடாது. பக்கத்தில் இடி இறங்கினால் ரெண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் நிற்கும். அது கடக்கிற பாலம் உங்க டிஏசி. பிளக் பெட்டியில் 20டி431 எம்ஓவி (திடீர்னு எகிறும் வோல்டேஜைத் தாங்கிக்கிற பாகம்) ஒன்று, ஃபியூஸுக்கு அப்புறம். முன்னாடி போட்டு, நியூட்ரல் அறுந்து 400 வந்தால் எம்ஓவியே திரியாக எரியும்.

ஃபேர்லேண்ட்ஸ்:
கொண்டலாம்பட்டி 7805ஐத் தூக்கிட்டு, இரைச்சல் குறைந்த எல்டி 3045 ரெகுலேட்டர் போடணும். ட்ரெபிளில் காற்று விளையாடும். கேட்டாலே தெரியும்.

அஸ்தம்பட்டி:
கேட்டால் தெரியும்னா பதிவு பண்ணினாலும் தெரியணும். டிஏசி அவுட்டை ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்து, 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ரெண்டு சப்ளைக்கும் எஃப்எஃப்டி (ஒலியை ஹெர்ட்ஸ் வாரியாப் பிரிச்சுக் காட்டும் படம்) எடுங்க. 50, 100, 150இல் முள் நிற்குதா, டோனுக்கு ரெண்டு பக்கமும் குட்டி முள் முளைக்குதா, அதைப் பாருங்க. காற்றைப் பிறகு பார்ப்போம்.

3045 நல்ல சிப், மறுக்கலை. ஆனால் 500 மில்லிஆம்பியர்தான். இவர் லோடு 1 ஆம்பியர், அதனால் குறைந்தது ரெண்டு இணையாக வேணும், எல்லைக்கு ஒட்டி ஓட்டாமல் மூணு என்றால் நிம்மதி. அது சொல்ற 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் சிப்பின் காலில். ரெண்டு முழம் ஒயருக்கு அந்தப் பக்கம் இல்லை. போர்டு டிஏசி பெட்டிக்குள்ளேயே உட்காரணும்.

கொண்டலாம்பட்டி:
1085 பற்றி விட்டுப்போனது ஒன்று. 7805இன் முதுகுத் தகடு கிரவுண்ட், அப்படியே பெட்டியில் முறுக்கலாம். 1085இன் முதுகு வெளியே போற 5 வோல்ட். மைக்கா வைச்சால் மட்டும் போதாது, ஸ்க்ரூவுக்கும் பிளாஸ்டிக் புஷ் போடணும். முறுக்கினதும் தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே மீட்டர் பீப் அடிக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் ஸ்விட்ச் போடுங்க.