மெரூன் காலர் டி-சர்ட்டில் வெள்ளை லோகோ ரோஸ் ஆகிவிட்டது, என்ன தப்பு?

சின்னக்கடை, கோபி:

வணக்கம். கோபியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கேமரா வீட்டுக்காரர் பொறுப்பு. மக், சாவிக்கொத்து, டி-சர்ட் எல்லாம் என் பொறுப்பு. 15-க்கு 15 இஞ்ச் ஹீட் பிரஸ், முதலை வாய் மாதிரி திறந்து மூடுகிற வகை. டிடிஎஃப் ஃபிலிமை, அதாவது டிசைன் அடித்த, சூட்டில் துணிக்கு மாறுகிற ஃபிலிமை, ஈரோட்டில் அடித்து வாங்கிவந்து நான் ஒட்டித் தருவேன். ரவுண்ட் நெக்கில் இரண்டு வருஷமாக ஒரு புகார்கூட வந்ததில்லை.

போன மாதம் ஒரு சமையல் குழுவுக்கு 40 காலர் டி-சர்ட். மெரூன் கலர், இடது மார்பில் மூன்று இஞ்சுக்கு வெள்ளை லோகோ, முதுகில் பெரிய எழுத்து. வழக்கம்போல 160 டிகிரி, 15 செகண்ட். கொடுத்த அன்று பளிச்சென்று இருந்தது. பத்தாம் நாள் மூட்டையோடு வந்து கல்லாவில் வைத்துவிட்டார்கள். வெள்ளை லோகோ ரோஸ் மில்க் கலரில் இருக்கிறது. பட்டன் பட்டிப் பக்கம் இருக்கும் ஓரம் மட்டும் உரிந்து நிற்கிறது, மற்ற மூன்று பக்கமும் கெட்டியாகத்தான் இருக்கிறது. இது போதாதென்று முதுகில் எழுத்தைச் சுற்றி சதுரமாக ஒரு பளபளப்பு. அழுத்தும்போது பட்டன் வேறு இரண்டு உடைந்தது, அதை நானே தைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஃபிலிம்காரர் மெஷினில் சூடு பத்தவில்லை என்கிறார். டி-சர்ட் கொடுத்தவர் துணி சுத்த காட்டன், மை சரியில்லை என்கிறார். ஒரு பீஸை 170-ல் மறுபடி அழுத்திப் பார்த்தேன், ரோஸ் கூடித்தான் போனது. யாராவது வழி சொல்லுங்கள். அடுத்த வாரம் அவர்களுக்கே இன்னும் 25 பீஸ் கொடுக்க வேண்டும்.

மதுரைக்காரன்:

160 கம்மிங்க. 180 வைத்து 20 செகண்ட் விடுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

பனியன் கம்பெனி, திருப்பூர்:

தயவுசெய்து 180 வைக்காதீர்கள் தங்கச்சி, மிச்சமிருப்பதும் போய்விடும். நான் பதினெட்டு வருஷமாக ஃப்யூசிங் செக்‌ஷனில் இருக்கிறேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். சட்டையின் உள்தையலில் நான்கு நூல் உருவாமல், துணியிலிருந்தே ஒரு துணுக்கு வெட்டி, இடுக்கியில் பிடித்து தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் கையில் உதிரும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியான மணி நிற்கும். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதைக் கொளுத்திப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மணிதான் வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் மக்கில் படம் ஏற்றுகிறீர்கள் அல்லவா? அங்கே மை சூட்டில் ஆவியாகி மக்கின் மேல்பூச்சுக்குள் போய் உட்காருகிறது. பாலியஸ்டர் துணிக்கு ஏற்றுகிற சாயமும் அதே ஜாதி. நீங்கள் மெரூன் துணியை 160-ல் அழுத்தியபோது துணியின் சாயம் கிளம்பி மேலே இருந்த வெள்ளைக்குள் ஏறிவிட்டது. மக்கில் வேண்டுமென்றே செய்வது இங்கே கேட்காமலே நடந்திருக்கிறது, அவ்வளவுதான். உடனே தெரியாது, நாள்பட நாள்பட வெளியே வரும். சிவப்பு, மெரூன், நேவி மூன்றும் மோசம். அழுத்திய சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி கவரில் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஆறவைத்து அடுக்குங்கள்.

ஏறிய கலர் இறங்காது. 40-ஐயும் மறந்துவிடுங்கள். அடுத்த 25-க்கு ஃபிலிம்காரரிடம் குறைந்த சூட்டில் உருகும் பசைப் பவுடர் போட்டுத் தரச் சொல்லுங்கள், அது 120, 130-லேயே பிடிக்கும். வெள்ளைக்கு அடியில் சாயத்தைத் தடுக்கிற கறுப்பு அடுக்கு உள்ள ஃபிலிமும் இருக்கிறது, விலை கூடுதல். எதுவானாலும் ஒரு பீஸ் அழுத்தி ஒரு வாரம் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ஓரம் உரிவது தனிக் கதை. காலர் டி-சர்ட் மேடுபள்ளமான சரக்கு. பட்டன், பட்டி, காலர், தோள் தையல் எல்லாம் மேடு. மேல் தட்டு முதலில் பட்டனில் போய் இடிக்கும், பக்கத்தில் இருக்கிற லோகோ ஓரத்தை அழுத்தவே அழுத்தாது. உங்கள் பட்டன் உடைந்தது ஏன் என்று இப்போது புரியும். லோகோவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்பாஞ்ச் தலையணை செய்து சட்டைக்குள் விடுங்கள். லோகோ மட்டும் மேலே எழும்பி, பட்டன் கீழே தாழ்ந்துவிடும். தட்டின் விளிம்பு துணியைத் தொடாததால் சதுரத் தடமும் வராது. ஏற்கெனவே விழுந்த தடத்துக்கு ஸ்டீம் அயர்னை ஒட்டாமல் ஆவி மட்டும் காட்டினால் பாதி மறையும்.

அப்புறம், துணி பிக்கே என்றால் தேன்கூடு மாதிரி குழி இருக்கும். ஃபிலிம் மேட்டில் மட்டும் ஒட்டி குழியில் அந்தரமாக நிற்கும். ஆறவைத்து உரித்த பிறகு டெஃப்லான் ஷீட் போட்டு இன்னொரு பத்து செகண்ட் அழுத்துங்கள். பலர் இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஊசிநூல், சென்னை:

அக்கா, மார்பு லோகோ மூன்று இஞ்ச்தான் என்றால் எம்பிராய்டரி கொடுத்துவிடுங்கள். பட்டன் தொல்லை இல்லை, ரோஸும் ஆகாது. முதுகுக்கு மட்டும் ஃபிலிம் போதும். சமையல் வேலை என்றால் தினமும் சோடா போட்டு அலசுவார்கள், அதற்குத் தையல்தான் தாங்கும்.

சின்னக்கடை, கோபி:

அண்ணா, மணியேதான்! மிளகு சைஸில் கறுப்பாக நின்றது. சுத்த காட்டன் என்று சொன்னவரிடம் அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு டீ சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

தலையணைக்கு பழைய மவுஸ் பேட் இரண்டை வெட்டி அடுக்கி, டெஃப்லான் ஷீட்டில் சுற்றினேன். ஓரம் நான்கு பக்கமும் நகத்தால் கீறினாலும் வரவில்லை. 130-ல் பிடிக்கிற பவுடரில் ஒரு பீஸ் அடித்து ஒன்பது நாளாகத் தொங்குகிறது, இதுவரை வெள்ளைதான். ஊசிநூல் தம்பி, எம்பிராய்டரி விலை கேட்டேன், குழுத் தலைவர் தாங்க மாட்டார்.

தலையணையின் நான்கு மூலையிலும் துண்டுக் காகிதம் வைத்து மெஷினை மூடி இழுத்துப் பார்த்ததில், பின்பக்கம் இரண்டும் வரவே இல்லை, முன்பக்கம் இரண்டும் சுலபமாக வந்துவிட்டது. மெஷின் கோளாறா?

பனியன் கம்பெனி, திருப்பூர்:

முதலை வாய் மெஷினில் தடிமனான சரக்கு வைத்தால் கீல் பக்கம்தான் முதலில் கடிக்கும். தலையணையைக் கொஞ்சம் மெலிதாக்கி, நடுவில் வைத்து அழுத்துங்கள். மவுஸ் பேட் ஒன்றே போதுமா என்றும் பாருங்கள்.

சின்னக்கடை, கோபி:

ஒன்று போதவில்லை, பட்டன் இடிக்கிறது. ஒன்றரையாகச் செதுக்கிவிட்டேன், இப்போது நான்கு காகிதமும் ஒரே மாதிரி இறுகுகிறது. பழைய 40-ல் 39-ஐ மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தர் மட்டும் ரோஸ்தான் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.