தவறான விடைக்குள் இருக்கும் கணக்கு: உயர் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து

ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா

ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் வீட்டில் படிப்பு என்றால் வாய்ப்பாடு, சொல்வதெழுதுதல், கொஞ்சம் கையெழுத்துப் பயிற்சி. இப்போது பின்னம், தசமம், விகிதம், குறை எண்கள், எண்ணுக்குப் பதில் எழுத்து என்று வரிசையாக வந்து நிற்கின்றன. கூடவே, ஒரு பத்தியைப் படித்துவிட்டு ‘ஏன்’ என்று எழுத வேண்டிய கேள்விகள். மனப்பாடம் மட்டும் இனி கைகொடுக்காது.

கடந்த வாரம் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. “பாதி பெரிதா, ஐந்தில் இரண்டு பெரிதா?” என்று மட்டும் கேட்டேன். “பாதிதான்” என்றாள். “அப்படியானால் பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியை விடக் குறைந்துவிட்டதா?” நோட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு 12 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதத் துண்டை வெட்டிக் கொடுத்தேன். பாதி என்றால் 6, மூன்றில் ஒன்று என்றால் 4, இரண்டும் சேர்ந்து 12-இல் 10. “அப்படியென்றால் 5/6” என்று அவளே சுருக்கினாள். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று அதன் பிறகு கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். விடையைச் சொல்லிவிடாமல் சமாளித்த கதைகளாக இருந்தால் இன்னும் நல்லது.

கணித ஆசிரியை

உங்கள் மகளின் 2/5 எனக்குப் பழைய நண்பர். ஆண்டுதோறும் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் பெரும்பாலும் கண்டபடி தவறு செய்வதில்லை. தாங்களே ஒரு விதியை உருவாக்கிக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றித்தான் தவறான விடைக்கு வருகிறார்கள். அந்த விதி என்னவென்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தசமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 0.45 பெரிதா, 0.6 பெரிதா என்று கேட்டால் பலர் 0.45 என்பார்கள். 45 என்பது 6-ஐ விடப் பெரிது அல்லவா? இதே விதியை வைத்துக்கொண்டு 0.75, 0.6 இரண்டையும் ஒப்பிட்டால் சரியான விடை வந்துவிடும். ஆசிரியரும் சரி என்று குறி போடுவார், பெற்றோரும் மகிழ்வார்கள், தவறான விதி உள்ளே பத்திரமாக இருக்கும். இதற்கு நேர் எதிராகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு: பத்தில் ஒன்று நூறில் ஒன்றை விடப் பெரிது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருப்பதுதான் பெரிது என்பார்கள். அவர்களுக்கு 0.3 என்பது 0.45-ஐ விடப் பெரிது. சொல்லும் காரணம் பாதி சரி, அதனால்தான் பிடிவாதமும் அதிகம்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். தவறான விடைக்கு மட்டுமல்ல, சரியான விடைக்கும் “எப்படி வந்தது?” என்று கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே ‘நீ தப்பு செய்துவிட்டாய்’ என்பதற்கான மணியாகிவிடும். அப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஏழாம் வகுப்பு மாணவனின் அப்பா

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் வேலை முடிந்து வருவதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. நான்கு பாடத்துக்கு வீட்டுப்பாடம். ஒவ்வொன்றுக்கும் ‘எப்படி வந்தது’ என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

கணித ஆசிரியை

எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒரே ஒரு கணக்கு போதும், அதையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். மற்றவை பிழையோடு பள்ளிக்கு வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் திருத்தி அழகாக அனுப்பிய நோட்டைப் பார்த்தால் யாருக்கு எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

ஒரு தாத்தா

நான் அதிகம் படித்தவன் இல்லை. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. பேரன் என்னிடம் பாடம் சொல்லும்போது நான் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். சோதிக்கிறார்களோ என்ற பயம் இல்லை.

ஒளிச்சேர்க்கையைக் கடகடவென்று ஒப்பித்தான். சூரிய ஒளி, நீர், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் வந்தது. “சரி, இத்தனை பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?” என்றேன். யோசிக்காமல் “மண்ணிலிருந்து” என்றான். அரை நிமிடத்துக்கு முன் ஒப்பித்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை!

மறுநாள் அவனுடைய அக்கா ஒரு பழைய சோதனையைத் தேடிப்பிடித்துப் படித்துக் காட்டினாள். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் ஏறக்குறைய 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 2 கிலோவுக்குச் சற்று அதிகமான வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வந்திருக்கிறார். மரம் 76 கிலோவுக்கு மேல் வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அவர் எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். “அவரும் முழுதாகச் சரியில்லை தாத்தா, காற்றை விட்டுவிட்டார்” என்றான் பேரன். ஒரு விஞ்ஞானியைத் திருத்திய பெருமிதத்தில் அன்று முழுக்க வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. நீரும் காற்றில் இருக்கும் கார்பனும் சேர்ந்துதான் மரக்கட்டை ஆகிறது என்பதை இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா

எங்கள் வீட்டுச் சண்டை வேறு. “நான்கு முறை படித்துவிட்டேன்” என்பாள். தேர்வில் பாதி வராது. மஞ்சள் கோடு போடாத வரியே புத்தகத்தில் கிடையாது.

2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்களும், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மீண்டும் படித்தவர்களே முன்னே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பத் திரும்பப் படிப்பது உடனடியாகத் தரும் தெம்புதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது என்று எனக்குப் பட்டது.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு. பாடத்தைப் படித்ததும் புத்தகம் என் கைக்கு வந்துவிடும். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுவாள். விட்டுப்போனதை அவளே புத்தகத்தைப் பார்த்து வேறு நிற மையில் சேர்ப்பாள். சில நாள் கழித்து அதே பாடத்துக்கு இன்னொரு வெற்றுத்தாள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஏனெனில் படிப்பதை விட இது கடினம். இப்போதும் விரும்பிச் செய்வதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவு அழுகை நின்றுவிட்டது.

ஓர் அத்தை

செயல்திட்டங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! அண்ணன் மகனின் பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மேசை மேசையாகப் பெற்றோர்களின் கைவண்ணம். எரிமலையின் மாதிரி வடிவம் ஒன்று அத்தனை தத்ரூபம், பக்கத்தில் நின்ற பையனிடம் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறான். கோணலாக ஒட்டிய, பல்பு விட்டுவிட்டு எரிந்த ஒரு மின்சுற்றும் இருந்தது. அதன் சொந்தக்காரி எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று காட்டி, அழுத்திப் பிடித்து எரிய வைத்தாள். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. என் அண்ணன் மகனுக்கும் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் இதை எழுதவில்லை.

வெட்டும்போது கூட இருங்கள், பொருள் தேடிக் கொடுங்கள். பசையைப் பிள்ளை கையிலேயே விடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் அண்ணன்

8 + 4 = □ + 5. தம்பியிடம் கேட்டேன், கட்டத்தில் 12 என்று போட்டான். அவனைப் பொறுத்தவரை சமக்குறி என்பது ‘விடையை இங்கே எழுது’ என்ற உத்தரவு. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று தோன்றாதவரை, அடுத்து வரும் x + 5 = 12 எல்லாம் மந்திரம்தான். ஆகவே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கொடுக்கிறேன்: 12 = 7 + 5, 6 + 6 = 8 + 4, 3 × 4 = 12. சரியா தவறா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் கணக்கைப் பார்த்ததும் “தலைகீழாக எழுதியிருக்கிறாய்” என்று சண்டைக்கு வந்தான்.

ஏழாம் வகுப்பு மாணவனின் அப்பா

ஆசிரியை சொன்னபடி ஒரே ஒரு கணக்கை அவனையே எடுக்கச் சொன்னேன். நேராகப் போய் (−3) × (−2) = 6 என்பதில் கை வைத்தான். குறையும் குறையும் சேர்ந்தால் மிகை என்று பள்ளியில் சொன்னார்களாம். “ஏன் அப்பா?” என்கிறான். எனக்கும் அந்த விதி மட்டும்தான் தெரியும். யாராவது சொல்லுங்கள்.

கணித ஆசிரியை

நல்ல கணக்காகத்தான் பிடித்திருக்கிறான். ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கொடுங்கள்: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு வரியிலும் விடை எவ்வளவு மாறுகிறது என்று அவன் சொல்லட்டும். இரண்டிரண்டாகக் கூடுவதைக் கண்டுபிடித்ததும் (−1) × (−2) என்ற வரியை எழுதிவிட்டுப் பேனாவை அவனிடம் கொடுங்கள். (−3) வரை அவனே போய்விடுவான். இது முழு நிரூபணம் அல்ல, ஆனால் விதி வானத்திலிருந்து விழவில்லை என்பது தெரிந்துவிடும். வேறு என்ன கேட்டான் என்று எழுதுங்கள்.