மூலதன ஆதாய வரி: 'ரியலைசேஷன்' என்பதற்குக் 'கைநீங்கல்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூலதன ஆதாய வரி, அதாவது காணி, பங்கு போன்ற சொத்தின் பெறுமதி ஏறியதால் வரும் ஆதாயத்தின் மீதான வரி பற்றிய நம் கையேட்டின் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பது 'ரியலைசேஷன்' (realisation, அந்த ஆதாயத்தை வரிக்குரியதாக்கும் நிகழ்வு) என்ற ஆங்கிலச் சொல்தான். பணமாக்கல், கைசேர்தல், தேறல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சொல் பிழையாகிப்போனால் வாசிப்பவர் வரியையே பிழையாக விளங்கிக்கொள்வார். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம், 2018 ஏப்ரல் 1 முதல் இந்த வரியை இலங்கையில் மீண்டும் கொண்டுவந்தது. அதன்படி, சொத்தின் உரித்து ஒருவரை விட்டுப் போகும்போதே வரிக்குரிய நிகழ்வு நடந்துவிடுகிறது. விற்றால் மட்டுமல்ல, இன்னொரு சொத்துக்கு மாற்றாகக் கொடுத்தாலும், அரசு சுவீகரித்தாலும், அழிந்துபோனாலும், காலாவதியானாலும் அதே நிகழ்வுதான். காசு கைக்கு வந்ததா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை.

இப்போது 'பணமாக்கல்' என்று போட்டுப் பாருங்கள். தெஹிவளையில் உள்ள காணியைக் கொடுத்து வத்தளையில் ஒரு காணி வாங்கியவர், "நான் ஒன்றையும் பணமாக்கவில்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடுவார். வரி அறிக்கை கொடுப்பதற்கான 30 நாள் அவருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். 'கைசேர்தல்' இன்னும் மோசம். விலையைத் தவணையாக வாங்குகிறவர் கடைசித் தவணை வரும்வரை காத்திருப்பார். 'தேறல்' நல்ல தமிழ், ஆனால் எங்கள் கணக்கீட்டுப் புத்தகங்களில் 'தேறிய இலாபம்' என்றால் செலவுகள் எல்லாம் போக மிஞ்சுவது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த யாரும் அந்தப் பொருளில்தான் வாசிப்பார்கள்.

என் பரிந்துரை 'கைநீங்கல்'. சொத்து கையை விட்டு நீங்குகிறது, அவ்வளவுதான். வந்த ஆதாயம் 'கைநீங்கிய ஆதாயம்'. பெறுமதி ஏறியும் சொத்து இன்னும் நம்மிடம் இருந்தால் 'கைநீங்கா ஆதாயம்'. ('கைமாற்றம்' என்றும் யோசித்தேன். கைமாற்று என்றால் ஊரில் சின்னக் கடன் என்பதால் விட்டுவிட்டேன்.)

முதலீட்டு வகை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை வாடகைக்குக் கொடுத்து வைத்திருக்கிறார் ஒருவர். 2005 இல் வாங்கியது. 2017 செப்டம்பர் 30 அன்று அதன் சந்தைப் பெறுமதி 2 கோடி ரூபாய், இப்போது 3 கோடிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திகதியில் கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதிதான் கிரயம், அதாவது ஆதாயத்தைக் கணக்கிட விற்ற விலையிலிருந்து கழிக்கும் அடக்கவிலை. ஆகவே வாங்கிய விலை எதுவானாலும், பிற செலவுகளைக் கழிக்குமுன் கைநீங்கிய ஆதாயம் ஒரு கோடி. அதே வீடு அவருடைய பிரதான வதிவிடமாக இருந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவருக்குச் சொந்தமாகவும், அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அவர் குடியிருந்ததாகவும் இருந்தால் வரி இல்லை. கைநீங்கல் நடக்கிறது, விலக்கும் கிடைக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடிகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

பங்குகளிலும் அப்படியே. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்றாலும் அது கைநீங்கல்தான், ஆனால் ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. அங்கே வாங்குபவரும் விற்பவரும் கொடுக்கும் 0.3 சதவீதப் பங்குப் பரிமாற்றத் தீர்வை வேறு விடயம். குடும்பக் கம்பனியின் பட்டியலிடாத பங்கை விற்றால் அந்த விலக்கு இல்லை. நிலையான வைப்பில் வருவது வட்டி வருமானம், அதற்கு இந்தச் சொல்லே வேண்டியதில்லை. கொழும்பு நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளும் நகை, சட்டத்தின் மூலதனச் சொத்து வரையறையில் வரவே இல்லை. காணி, கட்டிடம், கம்பனி உரித்துகள், பிணையங்கள் போன்றவைதான் அங்கே உண்டு.

இன்னொன்று. தமிழ்நாட்டுக் கட்டுரைகளில் வரும் 'நீண்டகால', 'குறுகியகால' மூலதன ஆதாயம் என்ற பிரிவை நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இந்தியாவில் எவ்வளவு காலம் வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும், இலங்கைச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. சேர்த்தால், இல்லாத ஒன்றை நாமே புகுத்தியதாகிவிடும்.

*

மறுமடல்:

வணக்கம் ஐயா. நான் கணக்கியல் படிப்பிப்பவள். 'கைநீங்கல்' என்றதும் பிள்ளைகளுக்கு இழப்புத்தான் ஞாபகம் வரும் என்று பயப்படுகிறேன். ஒரு சொத்தை விற்றோ ஒதுக்கியோ கணக்கிலிருந்து எடுப்பதை நாங்கள் 'அகற்றல்' என்கிறோம். அதையே எடுத்தால் என்ன? இறப்புக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும் சொத்தும் கைநீங்கல்தானா என்பதையும் சொல்லுங்கள்.

*

மறுமடலுக்குப் பதில்:

வணக்கம் ரீச்சர். 'அகற்றல்' என்றால் அகற்றுகிறவர் ஒருவர் வேண்டும். பழைய இயந்திரத்தை விற்கும் நிறுவனத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் வீதி அகலிப்புக்காகக் காணி சுவீகரிக்கப்பட்டவரிடம் போய் "நீங்கள் காணியை அகற்றினீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்த செயல் அல்ல, அவருக்கு நடந்தது. 'நீங்கல்' தன்வினை என்பதால் இரண்டு நிலையையும் தாங்கும். இழப்பு என்ற சாயல் பற்றிய உங்கள் பயம் நியாயம்தான். அதனால் கையேட்டில் அந்தச் சொல்லை எப்போதும் 'கைநீங்கிய ஆதாயம்' என்ற தொடராகவே முதலில் அறிமுகப்படுத்துவோம், தனிச்சொல் பிறகு வரட்டும்.

இறப்பில் சொத்து வாரிசுக்குப் போவதும் கைநீங்கல்தான். ஆனால் அந்த இடத்தில் ஆதாயம் கணக்கிடப்படுவதில்லை, கிரயம் வாரிசுக்குத் தொடர்ந்து போகிறது. வாரிசு பிறகு விற்கும்போதுதான் வரி. இந்தத் தொடர்ச்சிக்கு 'கிரயத் தொடர்ச்சி' என்று போட்டிருக்கிறேன். உங்கள் வகுப்பில் இதைவிட நல்ல சொல் புழங்கினால் எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.